கோலன் கேம்ப்பெல்: ஒரு வக்கீல் கட்டிய மாளிகைகள்

ஜார்ஜ் மன்னர்கள் காலத்தின் தொடக்கத்தில், அதாவது 1714-க்குப் பிறகு, இங்கிலாந்தில் நாட்டுப்புற மாளிகைகள் கட்டியவர் கோலன் கேம்ப்பெல். அவர் எவற்றையெல்லாம் கட்டினார், இன்று எவை நிற்கின்றன, இத்தாலியக் கட்டடக் கலைஞரான பல்லாடியோவை அப்படியே நகலெடுத்தவர்தானே அவர் என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: அவர் கட்டியவை எண்ணிக்கையில் அதிகமில்லை. இருந்தவற்றுள் பெரியதான வான்ஸ்டெட் மாளிகை இடிக்கப்பட்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஹௌட்டன், ஸ்டவர்ஹெட், மியர்வொர்த் என்ற மூன்று முக்கியமான வீடுகள் நிற்கின்றன. நகலெடுத்தாரா என்றால், எடுத்தார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவரை வெறும் நகலாளர் என்று ஒதுக்கினால், அவர் எப்படி வேலை பிடித்தார், ஏன் அவர் பாணி அவ்வளவு வேகமாகப் பரவியது என்ற சுவையான பகுதி முழுவதும் கை நழுவிவிடும்.

கேம்ப்பெல் பிறந்தது 1676-இல், ஸ்காட்லாந்தில். சிறு நிலக்கிழார் குடும்பம். படித்தது சட்டம், 1702-இல் எடின்பரோவில் வழக்கறிஞராகப் பதிவும் செய்துகொண்டார். அதற்கு முன்பே இத்தாலிக்குப் போயிருக்கிறார். பாதுவா பல்கலைக்கழக வருகைப் பதிவேட்டில் 1697-இல் அவர் கையெழுத்து இருக்கிறது. கட்டடக்கலையை யாரிடம் கற்றார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆனால் ஜேம்ஸ் ஸ்மித் என்ற மூத்த ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரின் வரைபடங்கள் அவர் சேகரிப்பில் கிடைத்திருப்பதால், அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

முதல் பெரிய வேலை கிளாஸ்கோவில். டேனியல் கேம்ப்பெல் என்ற பணக்கார வணிகருக்காக 1711-12-இல் ஷாஃபீல்ட் மாளிகையைக் கட்டினார். 1725-இல் மால்ட் வரிக்கு (பீர் காய்ச்சும் முளைத்த தானியத்துக்கான வரி) எதிராகக் கலவரம் வெடித்தபோது, அந்த வரியை ஆதரித்தார் என்று கூட்டம் டேனியலின் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. நகரத்திடமிருந்து கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தையும் போட்டு அவர் ஐலே தீவையே வாங்கிவிட்டார்! வீடு 1792-இல் இடிக்கப்பட்டது.

அப்புறம் லண்டன். அங்கே அவரைத் தூக்கிவிட்டது கட்டடம் அல்ல, புத்தகம். "விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்" என்ற பெயரில் 1715, 1717, 1725 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு செப்புத்தகட்டு அச்சுப் படங்கள்: பிரிட்டனின் பெரிய கட்டடங்களின் முகப்பு, தரைத்திட்டம், குறுக்குவெட்டு. புத்தக வியாபாரிகள் சிலர் சேர்ந்து, பெரிய மனிதர்களின் வீடுகளைப் படமாக அச்சிட்டு அவர்களுக்கே விற்கலாம் என்று தொடங்கிய முயற்சி இது. அதற்குள் பிந்தி நுழைந்தவர்தான் கேம்ப்பெல். நுழைந்த பிறகு புத்தகத்தின் நோக்கத்தையே மாற்றிவிட்டார்.

அந்த முன்னுரையைப் படித்தால் உள்ளே இருக்கும் வக்கீல் தெரிவார். எதிர்த்தரப்பு பரோக் பாணி, அதாவது பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியின் வளைவும் பகட்டும் நிறைந்த பாணி. அதன் இத்தாலியக் கலைஞர்களான பெர்னினியும் ஃபான்டானாவும் பகட்டில் கட்டுப்பாடு இழந்தவர்கள். பொரோமினியோ தன் விசித்திர அழகுகளால் மனித குலத்தையே கெடுக்கப் பார்த்தவர் என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். தன் தரப்புக்கு இரண்டே சாட்சிகள். ஒருவர் பதினாறாம் நூற்றாண்டில் விசென்ஸாவில் வாழ்ந்த பல்லாடியோ. மற்றவர், கேம்ப்பெலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு லண்டனில் பல்லாடியோ வழியில் கட்டிய இனிகோ ஜோன்ஸ். இந்த இருவரோடு பழைய ரோமின் அளவுகளும் ஒழுங்கும் நின்றுவிட்டன, அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

ஆனால் உள்ளே புரட்டினால், அவர் திட்டித் தீர்த்த பகட்டு பாணிக்கு நெருக்கமான, வான்ப்ரூ என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞரின் பிளெனிம் மாளிகையும் ஹோவர்ட் கோட்டையும் மரியாதையோடு அச்சாகியிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் பிரபுக்களின் வீடுகளை விட முடியுமா? விடப்பட்டவர் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் கிப்ஸ். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், ரோமில் முறையாகப் பயின்றவர், அன்றைய லண்டனில் கேம்ப்பெலுக்கு நேர்ப் போட்டி. அவர் பெயர் முன்னுரையில் உள்ள சிறந்த கலைஞர்கள் பட்டியலிலும் இல்லை, படங்களிலும் இல்லை. இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. யாரும் கேட்காமலே தானாக வரைந்த மாளிகைத் திட்டங்களை, இன்ன பிரபுவுக்குச் சமர்ப்பணம் என்று போட்டு அச்சிட்டார். இரண்டாம் தொகுதியில் ராபர்ட் வால்போலுக்கு அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. சில ஆண்டுகளில் வால்போல் நாட்டின் முதல் பிரதமர் என்று பின்னால் சொல்லப்படும் நிலைக்கு உயர்ந்தார். வீட்டு வேலையும் கேம்ப்பெலுக்கு வந்தது.

இந்தப் பாணியை, அன்று ஆட்சியில் இருந்த, வால்போலின் விக் கட்சியின் பாணி என்று பல நூல்கள் எழுதும். புது அரச வம்சம், புது ஆளும் கூட்டம், ஆகவே புதுப் பாணி என்று கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேம்ப்பெல் ஒதுக்கிய பாணியில் கட்டிய வான்ப்ரூவும் தீவிர விக்தான். அரசியல் ஓரளவுக்குக் காரணம் என்று ஏற்கலாம். புது நிலம் வாங்கிய புதுப் பணக்காரர்களுக்கு விதிமுறையும் அளவும் எழுதி வைத்த ஒரு பாணி வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரசனை இருக்கிறதோ இல்லையோ, புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது.

வான்ஸ்டெட் அப்படி ஒரு பணத்தில் எழுந்த வீடு. நம் ஊரோடு அதற்கு நேரடித் தொடர்பும் உண்டு. அந்தப் பண்ணையை 1673-இல் வாங்கியவர் ஜோசையா சைல்ட். கிழக்கிந்திய கம்பெனியின் ஆளுநராக லண்டனில் இருந்து கோலோச்சியவர். 1688-இல் சென்னை மாநகராட்சி உருவானதற்குப் பின்னால் இருந்ததும் அவர் யோசனைதான். அவர் மகன் ரிச்சர்ட் சைல்ட் அப்பாவின் சொத்தைக் கொண்டு, 1715 வாக்கில் பழைய வீட்டை இடித்துவிட்டு கேம்ப்பெலை அழைத்தார்.

வான்ஸ்டெட் முகப்பின் நீளம் 260 அடி. நடுவில் ஆறு பெரிய கொரிந்தியத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகடு. ரோமானியக் கோயிலின் முன்பக்கத்தைப் பெயர்த்து வீட்டின் நெற்றியில் ஒட்டியது போன்ற அமைப்பு. இதைத்தான் போர்ட்டிகோ என்கிறார்கள். இவ்வளவு பெரிய, முறையான போர்ட்டிகோ இங்கிலாந்தில் ஒரு தனியார் நாட்டுப்புற வீட்டுக்கு வந்தது இங்கேதான் முதல்முறை என்று சொல்வது வழக்கம். பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள். கேம்ப்பெல் தன் புத்தகத்தில் வான்ஸ்டெட்டுக்கு மூன்று வடிவங்களை வெளியிட்டார். மூன்றாவதில் இரு கோடிகளிலும் கோபுரங்கள் உண்டு. அவை கட்டப்படவே இல்லை. இருந்தும் அந்தப் படங்களைப் பார்த்துப் பிறர் கட்டினார்கள். பாத் நகரத்துக்கு மேலே ஜான் வுட் கட்டிய பிரையர் பார்க், யார்க்ஷயரில் வென்ட்வொர்த் வுட்ஹவுஸின் கிழக்கு முகப்பு இரண்டும் வான்ஸ்டெட்டின் வாரிசுகள்.

மூலக் கட்டடத்தின் கதி வேறு. பல தலைமுறைக்குப் பின் அது கேத்தரின் டில்னி-லாங் என்ற இளம்பெண்ணுக்கு வந்து சேர்ந்தது. நாட்டின் பெரிய பணக்கார வாரிசுகளில் ஒருவர் என்று பெயர். அவர் 1812-இல் மணந்தது வில்லியம் வெல்லஸ்லி-போல் என்ற ஊதாரியை. இந்த வில்லியம் யார் தெரியுமா? கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லியின் தம்பி மகன். வெலிங்டன் பிரபுவுக்கு அண்ணன் மகன். பத்தே ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. 1822-இல் வீட்டுச் சாமான்கள் 32 நாள் ஏலம் போயின. பிறகு வீட்டையே இடித்தெடுக்கும் உரிமை 10,000 பவுண்டுக்கு விற்கப்பட்டு, 1825 வாக்கில் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. கம்பெனிப் பணத்தில் எழுந்த மாளிகை, கம்பெனி ஆட்சியை விரித்தவரின் வீட்டுப் பிள்ளையால் போனது. இப்போது அந்த இடம் கிழக்கு லண்டனில் ஒரு கோல்ஃப் மைதானமும் பூங்காவும்தான். ஏரிகளும் ஒரு செயற்கைக் குகையின் இடிபாடும் மிச்சம். பெரியப்பா ரிச்சர்டோ கல்கத்தாவில் தனக்குக் கட்டிக்கொண்ட ஆளுநர் மாளிகைக்கு மாதிரியாக எடுத்தது டெர்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையை. கேம்ப்பெல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் புத்தகத்தின் தொடர்ச்சியாகப் பிறர் வெளியிட்ட நான்காம் தொகுதியில் அச்சான வீடு அது.

கேம்ப்பெலின் அரசுப் பதவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அது அவ்வளவு பெருமையான கதை இல்லை என்றாலும். 1718-இல் அரச கட்டடப் பணிகளின் தலைமைப் பொறுப்பிலிருந்து எண்பத்தைந்து வயது கிறிஸ்டோபர் ரென் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் வில்லியம் பென்சன் என்ற அரசியல்வாதி. இனிகோ ஜோன்ஸ் பாணியில் தனக்கு ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டதைத் தவிர அவருக்கு இதில் பெரிய அனுபவம் கிடையாது. கேம்ப்பெலை அவர் தன் துணை அதிகாரியாக வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பிரபுக்கள் சபைக் கட்டடம் இடிந்து விழப்போகிறது என்று பென்சன் அறிக்கை கொடுத்தார். மற்றவர்கள் போய்ச் சோதித்தால் கட்டடம் திடமாக நிற்கிறது! பென்சன் பதவி பறிபோனது, கேம்ப்பெலுடையதும் கூடவே. ஆனால் பென்சனின் சகோதரியை மணந்திருந்தவர் ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர். பதவி போனாலும் அந்த உறவு வீண்போகவில்லை. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

லண்டனில் பிக்கடில்லி தெருவில் இளம் பர்லிங்டன் பிரபுவின் வீட்டை முதலில் புதுப்பித்துக்கொண்டிருந்தவர் மேலே சொன்ன கிப்ஸ். பிரபு கேம்ப்பெலின் புத்தகத்தைப் பார்த்து மனம் மாறி, கிப்ஸை அனுப்பிவிட்டு இவரை வைத்துக்கொண்டார். இன்று ராயல் அகாடமி இருக்கும் பர்லிங்டன் ஹவுஸ் அதுதான். பிற்காலத்தில் மேலே ஒரு மாடி ஏற்றிவிட்டதால் கேம்ப்பெலின் முகப்பு அதன் அளவொழுங்கை இழந்துவிட்டது. பர்லிங்டனோ சீக்கிரமே வில்லியம் கென்ட் என்ற இன்னொரு கலைஞர் பக்கம் சாய்ந்தார்.

கிப்ஸுக்குப் பழிவாங்க வாய்ப்பு கிடைத்தது நார்ஃபோக்கில், வால்போலின் ஹௌட்டன் மாளிகையில். 1722-இல் அடிக்கல் நாட்டிய வீடு, முடிந்தது 1735-இல். கேம்ப்பெல் நான்கு மூலைகளிலும் முக்கோண முகடு வைத்த கோபுரங்களை வரைந்திருந்தார். வில்ட்டன் மாளிகையில் இருப்பவை போல. அந்த வில்ட்டன் முகப்பு இனிகோ ஜோன்ஸுடையது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் ஹௌட்டனில் இன்று நாம் பார்ப்பது நான்கு கல் கவிகைகள் (குவிமாடங்கள்). அவை கிப்ஸின் கைவண்ணம். கேம்ப்பெல் தன் மூன்றாம் தொகுதியில் தன்னுடைய கோபுரங்களோடுதான் ஹௌட்டனை அச்சிட்டார். தொடக்க வடிவமே கிப்ஸுடையது, கேம்ப்பெல் பின்னால் வந்து திருத்தியவர் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எது எப்படியோ, கவிகைகள் கேம்ப்பெலின் நேர்க்கோட்டு விறைப்பைத் தளர்த்தி வீட்டுக்கு ஒரு களையைக் கொடுத்திருக்கின்றன என்பது என் எண்ணம். கேம்ப்பெல் கேட்டால் கோபித்துக்கொள்வார்.

ஹௌட்டனுக்கான கல் யார்க்ஷயரின் விட்பி அருகே வெட்டப்பட்டுக் கடல் வழியாக வந்தது. உள்ளூர்ச் செங்கல்லோடு ஒப்பிட்டால் எவ்வளவு செலவு பிடித்திருக்கும் என்று பாருங்கள். உள்ளே நுழைந்ததும் வரும் கல் மண்டபம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 அடி கொண்ட சரியான கனசதுரம். கிரீனிச்சில் இனிகோ ஜோன்ஸ் அரசிக்குக் கட்டிய வீட்டின் மண்டபத்துக்கும் இதே அளவுதான். அறைகளின் அலங்காரம் வில்லியம் கென்ட்டுடையது.

இந்த வீடு எப்படிப் புழங்கியது என்பதற்கு ஹார்வி பிரபு 1731-இல் எழுதிய கடிதம் ஒன்று போதும். கீழ்த்தளம் நரி வேட்டைக்காரர்களுக்கும் விருந்துக்கும் இரைச்சலுக்கும் அழுக்குக்கும் அலுவலுக்கும். மேல்தளம் ரசனைக்கும் செலவுக்கும் பகட்டுக்கும் என்று அவர் பிரித்துச் சொல்கிறார். பல்லாடியோ பாணி வீடுகளில் முக்கியமான அறைகளெல்லாம் ஏன் ஒரு மாடி உயரத்தில் இருக்கின்றன, ஏன் வெளியிலிருந்தே பெரிய படிக்கட்டு ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. தரையோடு இருக்கும் முரட்டுக் கல் தளம் உழைப்புக்கும் கும்மாளத்துக்கும். படியேறிப் போகும் தளம் மதிப்புக்கு. பூங்காவின் பார்வைக்குத் தடையாக இருந்த ஊரையே பெயர்த்து, வாயிலுக்கு வெளியே புதிதாக வீடுகள் கட்டிக் குடியேற்றினார் வால்போல். அவர் சேர்த்த ஓவியங்களைப் பேரன் 1779-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றுவிட்டார். 2013-இல் அவற்றில் பல கண்காட்சிக்காகச் சில மாதங்கள் திரும்பி வந்து பழைய சுவர்களிலேயே தொங்கின.

வான்ஸ்டெட்டும் ஹௌட்டனும் ஆட்சியையும் கட்சியையும் நடத்துவதற்கான வீடுகள். கேம்ப்பெலின் உண்மையான புதுமை அவற்றைவிடச் சிறிய வீடுகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல்லாடியோ விசென்ஸா சுற்றுவட்டாரத்தில் கட்டிய வில்லாக்களைப் போல, நீண்ட சிறகுகள் இல்லாத ஒரே கட்டு வீடு. நடுவில் கோயில் முகப்பு. உள்ளே அடக்கமாக அடுக்கிய அறைகள். யார்க்ஷயரில் 1720-21-இல் கட்டிய நியூபி பார்க் (இப்போது பால்டர்ஸ்பி பார்க்) இந்த வகையில் முன்னோடி. அதே மாவட்டத்தில் 1718-இல் கட்டிய எபர்ஸ்டன் லாட்ஜ் பொம்மை வீடு மாதிரி சின்னது.

ஸ்டவர்ஹெட்டில்தான் பென்சனின் மைத்துனர் ஹென்றி ஹோர் வருகிறார். 1720-இல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் ஏறி வீழ்ந்தபோது பலர் ஓட்டாண்டியானார்கள். ஹோர் வங்கியோ சரியான நேரத்தில் விற்று நல்ல லாபம் பார்த்தது. வில்ட்ஷயரில் வாங்கியிருந்த நிலத்தில், ஸ்டவர்ட்டன் குடும்பத்தின் பழைய வீட்டை இடித்துவிட்டு 1721 முதல் புது வீடு எழும்பியது. பல்லாடியோவின் வில்லா எமோதான் முன்மாதிரி. இன்று போகிறவர்கள் முன்னால் நிற்கும் தூண்களைப் பார்த்து, கேம்ப்பெல் காலத்தவை என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வடிவம் அவருடையது, கட்டியது 1840-ஐ ஒட்டி. இரு பக்கச் சிறகுகள் 1790-களில் சேர்ந்தவை. 1902-இல் நடுப்பகுதி எரிந்து மறுபடி கட்டப்பட்டது. ஆக, கேம்ப்பெலின் ஸ்டவர்ஹெட் என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை. ஏரியும் கோயில்களும் கொண்ட புகழ்பெற்ற தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அது அடுத்த தலைமுறை ஹோரின் வேலை.

கென்ட் மாவட்டத்தில் உள்ள மியர்வொர்த்துக்கு வந்தால்தான் நகல் என்ற குற்றச்சாட்டை நேருக்கு நேர் பார்க்க முடியும். விசென்ஸாவில் குன்றின் மேல் பல்லாடியோ கட்டிய ரொட்டோண்டா: சதுர வீடு, நான்கு பக்கமும் ஒரே மாதிரி போர்ட்டிகோ, நடுவில் வட்ட மண்டபம், மேலே கவிகை. 1722 வாக்கில் ஜான் ஃபேன் என்பவருக்காக கேம்ப்பெல் இதை அப்படியே கென்ட்டில் இறக்கினார், கொஞ்சம் பெரிதாக. தூரத்திலிருந்து பார்த்தால் மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.

கிட்டே போனால் வித்தியாசங்கள் வரிசையாக வரும். ரொட்டோண்டாவில் நான்கு பக்கமும் படிகள். இங்கே முன்னும் பின்னும் மட்டும். அது குன்றின் மேல் காற்றோட்டமாக நிற்பது. இது தாழ்ந்த இடத்தில், முதலில் சுற்றிலும் அகழியோடு இருந்தது. அங்கே உள்ளமைப்பும் நான்கு திசையிலும் சமச்சீர். கேம்ப்பெல் அதை உடைத்து, பின்பக்கம் முழுவதையும் ஒரே நீண்ட கூடமாக்கினார். மழை நாளில் உலாவவும் ஓவியங்கள் மாட்டவும் ஆங்கிலேயருக்கு அப்படி ஒரு கூடம் வேண்டும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது புகைபோக்கி விஷயம். இங்கிலாந்துக் குளிருக்கு அறைக்கு அறை கணப்பு வேண்டும். கணப்பு என்றால் புகைபோக்கிகள் கூரையில் முளைத்து, கவிகையின் அழகைக் கெடுத்துவிடும். ஆகவே புகைக் குழாய்களைக் கவிகையின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் ஏற்றி, உச்சியில் இருக்கும் கூண்டு வழியாகப் புகையை வெளியேற்றினார். வெளியே ஒரு புகைபோக்கிகூடக் கண்ணில் படாது.

வால்போலின் மகன் ஹோரஸ், கோதிக் பாணிக்கு (கூர் வளைவுகள் கொண்ட இடைக்காலத் தேவாலயப் பாணி) பித்தானவர், 1752-இல் மியர்வொர்த்தைப் பார்த்துவிட்டு, இது தன் கோதிக் மோகத்தையே கொஞ்சம் குணப்படுத்திவிட்டது என்று எழுதினார். இதற்குப் பிறகு இங்கிலாந்தில் மேலும் மூன்று ரொட்டோண்டாக்கள் எழுந்தன: பர்லிங்டன் தனக்கே கட்டிக்கொண்ட சிஸ்விக், பிறகு ஃபுட்ஸ் க்ரே, நட்டால் டெம்பிள். கடைசி இரண்டும் இன்று இல்லை. சிஸ்விக் மூலத்தை விட்டு நன்றாக விலகிப் போனது, கலையாக அது உயர்ந்தது என்று பலர் சொல்வார்கள். குடியிருக்க எது என்று கேட்டால் நான் மியர்வொர்த்தைத்தான் சொல்வேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். லண்டன் வைட்ஹாலில் பெம்ப்ரோக் பிரபுவின் மகனுக்காகக் கட்டிய வீடு இப்போது இல்லை. ஈஸ்ட்போர்னில் காம்ப்டன் பிளேஸ் இருக்கிறது. பழைய வீட்டைத் திருத்திக் கட்டியது. தேம்ஸ் கரையில் உள்ள மார்பிள் ஹில்லுக்கும் முதல் வரைபடம் அவருடையது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆனால் கட்டி முடித்தவர் ரோஜர் மோரிஸ். கேம்ப்பெல் 1729 செப்டம்பரில் லண்டன் ப்ரூக் தெருவில், தானே வடிவமைத்த வீட்டில் இறந்தார். அந்த வீடு 76-ஆம் எண்ணில் இன்னும் இருக்கிறது.

நேரில் பார்க்க நினைத்தால்: ஸ்டவர்ஹெட் 1946 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசம், போவது எளிது. ஹௌட்டன் குடும்பச் சொத்து. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் திறப்பார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மியர்வொர்த் தனியார் குடியிருப்பு, உள்ளே போக முடியாது. பயணம் முடியாதவர்கள் விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸின் படங்களை இணையத்தில் நூலகங்களின் மின்பதிப்பாகப் புரட்டலாம். மூன்றாம் தொகுதியில் இருக்கும் ஹௌட்டன் முகப்பையும் இன்றைய புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலைக் கோபுரங்களை மட்டும் பாருங்கள். கேம்ப்பெலுக்கும் கிப்ஸுக்கும் இருந்த வேறுபாடு அதிலேயே தெரிந்துவிடும்.